டி அண்ட் டி மேசையில் ஆந்தை, குதிரை, யானை, ஓநாய்: எதற்கு எந்த விதி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. உப்புவெளியில் நான்கு பேருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற, மேசையில் டைஸ் உருட்டிக் கதை ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை நடத்துகிறீர்கள். எல்லோருடைய பாத்திரங்களும் நாலாம் லெவல்: மந்திரம் போடும் விசார்ட், காட்டு வீரரான ரேஞ்சர், சத்தியப் போர்வீரரான பாலடின், கள்ளத் திறமையுள்ள ரோக். கதை நடப்பது திருமலையை, அதாவது திருகோணமலையை, பார்த்து வரைந்த ஒரு துறைமுக நகரத்தில். விசார்டின் ஆந்தை போகாத இடமில்லை. சண்டையில் சுற்றுக்குச் சுற்று யாருக்காவது அட்வான்டேஜ் (டைஸை இருமுறை உருட்டி நல்லதை எடுக்கும் சலுகை) கொடுக்கிறது. ரேஞ்சருக்கோ தன் ஓநாய் சும்மா நிற்கிறது என்று மனக்குறை. பாலடின் குதிரையை விட்டு இறங்குவதே இல்லை. ரோக் 200 பொற்காசு சேர்த்துக்கொண்டு யானை வாங்க நிற்கிறார். ஒரு சண்டை முடிய இரண்டு மணித்தியாலம் போகிறது. "மிருகங்களை மொத்தமாகத் தடை செய்யட்டா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

தடை தேவையில்லை. இதற்குள் இரண்டு கேள்விகள் பிணைந்து கிடக்கின்றன. ஒன்று, எந்த மிருகத்துக்கு எந்த விதி என்பது. மற்றது, மேசையின் நேரத்தை யார் தின்கிறார்கள் என்பது. முதலாவதைத் தெளிவாக்கினால் இரண்டாவதில் பாதி தானாகக் குறையும். ஏனென்றால் ஃபமிலியர், அதாவது விசார்டின் ஆந்தை, மிருக வடிவில் இருக்கும் ஒரு ஸ்பெல் (மந்திரம்). சவாரி மிருகம் என்பது கால்களை மாற்றிக்கொள்வது. ரேஞ்சரின் துணை மட்டும்தான் சண்டை போடுவதற்கென்றே எழுதப்பட்ட மிருகம். உங்கள் மேசையில் மூன்றும் ஒரே விதியில் ஓடுவதுபோல் தெரிகிறது. கீழே சொல்லும் எண்கள் 2014 விதிநூலுக்கானவை. 2024 நூலில் மாறியது முக்கியமாக இருந்தால் அந்தந்த இடத்தில் சொல்கிறேன். விதியில் எழுதியிருப்பது எது, எழுதாத இடத்தில் என் தீர்ப்பு எது என்பதையும் பிரித்தே சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் மாற்றலாம்.

ஆந்தையை முதலில் எடுப்போம். அதற்கு எச்.பி. (உயிர்ப்புள்ளி) 1, ஏ.சி. (அதை அடிக்க எட்ட வேண்டிய எண்) 11, பறக்கும் வேகம் 60 அடி, இருட்டில் 120 அடி பார்வை. ஃபைண்ட் ஃபமிலியர் ஸ்பெல்லின்படி அது தாக்க முடியாது. தன் முறையில் (டர்னில்) செய்யும் மற்றச் செயல்களை, அதாவது அக்‌ஷன்களை, செய்யலாம். நூறு அடிக்குள் இருந்தால் விசார்ட் அதனுடன் மனதால் கதைக்கலாம். அதன் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் விசார்ட் ஓர் அக்‌ஷன் செலவழிக்க வேண்டும். அது அவருடைய அடுத்த முறை தொடங்கும்வரைதான் நிற்கும், அந்த நேரம் முழுவதும் அவருக்குத் தன் கண்ணும் காதும் இல்லை. 2024 நூலில் இது போனஸ் அக்‌ஷனாக, அதாவது அக்‌ஷனோடு கூடச் செய்யும் சிறு செயலாக, இளகிவிட்டது.

இந்த நூறு அடியைத்தான் பெரும்பாலான மேசைகளில் மறந்துவிடுகிறார்கள். ஆந்தை ஒரே சுற்றில் டாஷ் (இரட்டைத் தூரம் போதல்) செய்தால் 120 அடி போய்விடும். அதாவது ஆறே வினாடியில் தொடர்பு அறுந்துவிடும். உங்கள் நகரத்தில் கோணேசர் கோயில் பாறைபோல் ஓர் உச்சி இருந்தால், அங்கே நிற்கும் விசார்டால் கீழே அலையோரம் போன ஆந்தையோடு கதைக்க முடியாது. மனதால் கதைப்பதற்கு நூறு அடி எல்லை உண்டு என்பதில் சந்தேகமில்லை. கண்ணால் பார்ப்பதற்கும் அதே எல்லைதானா என்பது வசன அமைப்பில் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் தொடர்ச்சியாக எழுதப்பட்டிருப்பதால் ஒரே எல்லை என்று எடுப்பதே பொருந்தும்.

எல்லை தாண்டிப் போன ஆந்தை திரும்பி வந்து சொல்லலாமே என்பார்கள். சொல்லட்டும். ஆனால் அதன் இன்டெலிஜன்ஸ் 2. அது சொல்லிய வேலையைச் செய்யும். எண்ணாது, வாசிக்காது, சின்னம் பார்த்துப் படையை அடையாளம் காணாது. "மண்டபத்தில் எத்தனை காவலர்?" என்றால் "நிறைய, இரும்பு மணம், ஒருவன் நித்திரை" என்ற அளவில் பதில் கொடுங்கள். இது என் தீர்ப்புத்தான், எழுதிய விதி இல்லை. ஆனால் உளவை முழுதாக அடைக்காமல், ஆட்களும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய தேவையை இது காப்பாற்றி வைக்கிறது.

அடுத்தது, ஆந்தை கண்ணில் படாது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதன் ஸ்டெல்த் (ஒளியும் திறன்) +3. சாதாரணக் காவலனின் பாஸிவ் பெர்செப்ஷன் (உருட்டாமலே கவனிக்கும் அளவு) 12. ஆக, டைஸில் 9க்குக் கீழே விழுந்தால் கண்டுவிடுவான். பத்தில் நாலு தடவை அது நடக்கும். பகலில் நிலைமை இன்னும் மோசம். திருமலையில் இருக்கிற உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை: பட்டப்பகலில் ஓர் ஆந்தை மீன் சந்தைக்கு மேலே வந்து உட்கார்ந்தால் அடுத்த நிமிடம் காகக் கூட்டம் அதைச் சூழ்ந்து கத்தும், சந்தையே நிமிர்ந்து பார்க்கும். டைஸ் உருட்டாமலே அந்த ஆந்தை அகப்பட்டுவிட்டது என்று அறிவிக்க உங்களுக்கு நியாயம் உண்டு. விசார்ட் புத்திசாலியாக இருந்தால் பகல் வேலைக்கு வடிவத்தை மாற்றுவார். ரேவன் என்ற எண்களை நம்முடைய காகத்துக்கு அப்படியே போடலாம்: எச்.பி. 1, ஏ.சி. 12, பறக்கும் வேகம் 50, கேட்ட ஒலியைப் போலச் சத்தமிடும் திறனும் உண்டு. இருட்டில் மட்டும் அதற்குக் கண் தெரியாது. வீசல் என்றிருப்பதைக் கீரி என்று சொல்லுங்கள், ஒரு எண்ணையும் மாற்ற வேண்டாம். துறைமுகக் காட்சி என்றால் கணவாய் இனத்து ஒக்டோபஸ்ஸை யாரும் நினைப்பதில்லை. எச்.பி. 3, நீந்தும் வேகம் 30, தண்ணீருக்குள் ஒளிவதற்கு அட்வான்டேஜ், கரையில் முப்பது நிமிடம் மூச்சடக்கும். நங்கூரம் போட்ட கப்பலின் அடியில் என்ன கட்டியிருக்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல உளவாளி இல்லை. 2024 நூல்படி சி.ஆர். (மிருகத்தின் வலிமை அளவு) 0 உள்ள எந்த மிருகமும் ஃபமிலியராகலாம். மானும் அதற்குள் வரும். திருமலை பிரெட்றிக் கோட்டைக்குள் புள்ளிமான் திரிவதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லையே, உங்கள் கதையின் கோட்டையிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் மான் மீடியம் அளவு; ஜன்னலால் நுழையாது, கூரையில் ஏறாது. இப்படி ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு இடம், ஒரு குறை என்று வந்துவிட்டால் "எப்போதும் ஆந்தை" என்ற பழக்கம் தானாக உடையும்.

செலவை எண்ணுகிறீர்களா? ஸ்பெல்லுக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும். ரிச்சுவலாக (மெதுவான சடங்காக) செய்தால் இன்னும் பத்து நிமிடம். பித்தளைத் தூபக்காலில் 10 பொற்காசுப் பெறுமதியான கரி, சாம்பிராணி வகை, மூலிகை எரிந்து முடிய வேண்டும். எரிந்தால் எரிந்ததுதான். பையில் எத்தனை தடவைக்கான சாமான் இருக்கிறது என்று விசார்டின் தாளில் ஒரு எண் எழுதச் சொல்லுங்கள். எதிரியின் நிலவறைக்குள் எழுபது நிமிடம் புகை போட்டுக்கொண்டு இருக்க முடியுமா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. 2003இல் வந்த மூன்றரைப் பதிப்பில் ஃபமிலியர் செத்தால் எஜமானுக்கு லெவலுக்கு 200 என்ற கணக்கில் அனுபவப் புள்ளி போகும் (உடல் தாங்குமா என்று உருட்டும் ஃபோர்ட்டிட்யூட் சேவில், டி.சி. எனும் இலக்கான 15ஐ எட்டினால் பாதி), ஒரு வருடமும் ஒரு நாளும் புதிதாக ஒன்றைப் பிடிக்கவும் முடியாது. அதனால் அந்தக் காலத்து விசார்டுகள் ஃபமிலியரைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார்கள். ஐந்தாம் பதிப்பு அந்தத் தண்டனையை 10 பொற்காசாகக் குறைத்துவிட்டது. உங்கள் ஆந்தை பயமில்லாமல் பறப்பதற்குக் காரணம் அதுதான். பழையபடி கடுமையாக்கச் சொல்லமாட்டேன், எழுதிய 10 பொற்காசையாவது வாங்குங்கள்.

சண்டைக்கு வருவோம். ஆந்தை பறந்து வந்து, எதிரிக்கு ஐந்தடிக்குள் ஹெல்ப் (கூட்டாளிக்கு உதவும்) அக்‌ஷன் செய்துவிட்டு, பறந்தபடியே விலகுகிறது; அதன் ஃப்ளைபை குணத்தால் விலகும்போது எதிரி அடிக்க முடியாது. இது விதிப்படி சரி, ஏமாற்று இல்லை. டைஸில் 11 வேண்டிய இடத்தில் வெற்றி வாய்ப்பு 50 வீதத்திலிருந்து 75 ஆகிறது. 15 வேண்டிய இடத்தில் 30இலிருந்து 51. முதலாம் லெவல் ஸ்பெல் ஒன்றுக்கு இது நல்ல லாபம். ஆனால் மூன்று இடத்தில் பிழை நடக்கிறது. ஆந்தைக்குத் தன் இனிஷியேட்டிவ் (சண்டையில் முறை வரும் வரிசை) உண்டு. அது விசார்டின் முறைக்குள் ஓடுவதில்லை. ஹெல்ப் கொடுப்பது அந்த எதிரியின் மேல் விழும் முதல் ஒரு தாக்குதலுக்கு மட்டும். சுற்று முழுவதற்கும் இல்லை. எதிரிகளும் முட்டாள்கள் இல்லை. இரண்டு சுற்று பார்த்த கொப்ளின் என்ற குட்டி எதிரி, "அந்தப் பறவை கிட்ட வந்தால் எய்வேன்" என்று ரெடி அக்‌ஷன் வைக்கலாம். அதன் வில்லுக்கு +4, ஏ.சி. 11ஐ அடிக்க 7 போதும், 70 வீத வாய்ப்பு. ஆனால் இப்படி எய்தால் அந்த அம்பு ஒரு ஆள்மேல் விழவில்லை என்பதையும் கவனியுங்கள். 10 பொற்காசு ஆந்தை ஓர் அம்பைத் தாங்கிக்கொண்டது. விசார்டுக்கும் அது நட்டமில்லை. ஒவ்வொரு சண்டையிலும் இதைச் செய்யாதீர்கள், புத்தியுள்ள எதிரிகளோடு மட்டும் செய்யுங்கள். பரப்பில் விழும் ஸ்பெல் வந்தால் ஒரு எச்.பி. ஆந்தை சேவ் வென்றாலும் போய்விடும். அதை மறந்துவிட்டு விளையாடும் மேசைகள் பல.

சந்தேகமான இரண்டு தந்திரங்களை விசார்ட் நிச்சயம் கேட்பார், முந்திக்கொள்ளுங்கள். ஒன்று, ஃபமிலியரை மறைத்து, பிறகு 30 அடிக்குள் எங்காவது தோன்றச் செய்யலாம் என்ற வரியைக் காட்டி, அடைத்த கதவுக்கு அப்பால் தோன்ற வைப்பது. அந்த வரியில் "கண்ணுக்குத் தெரியும் இடம்" என்று இல்லை. ஆனால் ஸ்பெல்களின் பொது விதி இடையில் தடையில்லாத வழியைக் கேட்கிறது. நான் அனுமதிக்கமாட்டேன், அனுமதிக்கும் டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) பிழை என்றும் சொல்லமாட்டேன். மற்றது, ஆந்தையின் காலில் எண்ணெய்க் குப்பியைக் கொடுத்துப் போட வைப்பது. ஸ்ட்ரெங்த் 3, உடல் டைனி அளவு என்று கணக்குப் போட்டால் 22.5 இறாத்தல் தூக்கலாம் என்று வருகிறது. கிட்டத்தட்ட பத்துக் கிலோ அரிசிப் பை. காகிதத்தில் சரி, கண்ணால் பார்த்தால் சிரிப்பு. காலில் ஒரு இறாத்தல், அதற்கு மேல் இல்லை என்று முடிவு கட்டுங்கள். ஒருவர் தலையில் குறிபார்த்துப் போடுவது தாக்குதல், ஆகவே ஃபமிலியருக்கு ஆகாது. வெறும் தரையில் போட்டால் ஆகட்டும்.

குதிரை சிக்கல் குறைந்தது. ஏறவும் இறங்கவும் பாலடினின் வேகத்தில் பாதி போகும். அவர் ஓட்டும் குதிரை அவருடைய இனிஷியேட்டிவில் நகரும், அதற்கு டாஷ், டிஸ்எங்கேஜ் (அடி வாங்காமல் விலகல்), டொட்ஜ் (அடிக்குத் தப்ப முயலல்) மூன்றே அக்‌ஷன், உதைக்காது, கடிக்காது. பாய்ந்து வந்து வெட்டிவிட்டுக் குதிரையை டிஸ்எங்கேஜ் செய்யவைத்து விலகுவது வெளியில் அருமையாக வேலை செய்யும். ஆகவே எல்லாச் சண்டையையும் வெளியில் வைக்காதீர்கள். குதிரை லார்ஜ் அளவு, பத்தடிச் சதுரம் வேண்டும். ஐந்தடி ஒழுங்கைக்குள் நெருக்கிப் புகுந்தால் ஒவ்வோர் அடிக்கும் இரட்டை நடை, அதன் தாக்குதலுக்கும் டெக்ஸ்டெரிட்டி சேவுக்கும் டிஸ்அட்வான்டேஜ், அதை அடிப்பவருக்கு அட்வான்டேஜ். படிக்கட்டு, வள்ளம், கயிற்றேணி எல்லாம் தனிக்கதை. ஏதாவது ஒன்று குதிரையை அதன் விருப்பமில்லாமல் தள்ளினால் பாலடின் டி.சி. 10 டெக்ஸ்டெரிட்டி சேவ் எறிய வேண்டும், தோற்றால் கீழே விழுவார். நெடும்பயணத்தில் குதிரை பெரிதாக வேகம் தராது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஒரு மணித்தியாலம் மட்டும் பாய்ச்சலில் எட்டு மைல் போகலாம், திருமலை நகரத்திலிருந்து நிலாவெளிப் பக்கம் வரை என்று வையுங்கள். அதற்குப் பிறகு நடக்கிறவனும் குதிரைக்காரனும் ஒன்றுதான்.

குதிரை சாவது பற்றியும் ஒரு வார்த்தை. சவாரிக் குதிரைக்கு எச்.பி. 13. ஃபயர்போல் என்ற தீ ஸ்பெல்லின் சராசரிச் சேதம் 28, சேவில் தப்பினால் 14. அதாவது தப்பினாலும் சாகும். ஐந்தாம் லெவலில் பாலடினுக்கு ஃபைண்ட் ஸ்டீட் என்ற, குதிரையை அழைக்கும் ஸ்பெல் கிடைத்துவிடும், அந்தக் குதிரை விழுந்தால் மறைந்து, மறுபடி ஸ்பெல் போட்டால் வரும். இன்னும் ஒரு லெவல்தானே, அதுவரை குதிரையைக் குறிவைக்காமல் விடுங்கள்.

யானைக்கு நிறைய எழுதலாம், ஏனென்றால் இங்கேதான் விதிநூல் வாயைத் திறக்காமல் இருக்கிறது. விலை 200 பொற்காசு, சரி. எச்.பி. 76, ஏ.சி. 12, வேகம் 40, சி.ஆர். 4, மிதித்தால் 3டி10+6, அதாவது மூன்று பத்துமுக டைஸின் கூட்டுத்தொகையோடு 6 சேதம். நாலாம் லெவல் ரோக்குக்கு இது கிடைத்தால் மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான் என்று பயப்படுகிறீர்கள். பயப்பட வேண்டாம்: அவர் ஏறி ஓட்டினால் யானைக்கும் அதே மூன்று அக்‌ஷன்தான், மிதிக்க முடியாது. மிதிக்க வேண்டுமென்றால் அதைத் தன்போக்கில் விட வேண்டும். அப்போது அது உங்கள் கையில் இருக்கும் மிருகம், அவருடையது இல்லை. இவ்வளவும் உறுதி. இனி என் தீர்ப்பு. தீனிக்கு நாளொன்றுக்கு 5 செப்புக்காசு என்று பட்டியலில் இருப்பது பத்து இறாத்தல் தீனிக்கு. வளர்ந்த ஆசிய யானை ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தின்னும், ஏறத்தாழ 330 இறாத்தல். அதே விலையில் கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 1 பொற்காசு, 6 வெள்ளிக்காசு, 5 செப்புக்காசு. பாகனுக்கு, தொழில் தெரிந்த கூலியாள் என்ற கணக்கில், இன்னும் 2 பொற்காசு. மாதம் நூறு பொற்காசுக்கு மேல் போகிறது. ரோக்கிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், "வேண்டாம்" என்று நீங்கள் சொல்ல வேண்டி வராது.

அப்படியும் வாங்கினால் வாங்கட்டும். யானைக்குப் பதினைந்தடிச் சதுரம் வேண்டும், கோட்டை வாசலால் போகுமா என்று முதலே வரைபடத்தில் குறித்துவையுங்கள். வெடிக்கு யானை மிரளும். கந்தளாய்ப் பக்கத்து வயல்காரர் யானைவெடி போடுவது அதற்காகத்தான். ஆகவே தண்டர்வேவ் போன்ற சத்த ஸ்பெல் கிட்ட வெடித்தால் டி.சி. 12 விஸ்டம் சேவ், தோற்றால் ஒரு சுற்று தன்போக்கில் ஓடும் என்று வீட்டுவிதி வையுங்கள். பாகன் கூடவே இருந்தால் அட்வான்டேஜ். ஆற்றைக் கண்டால் யானை நிற்கும் என்று மட்டும் வைக்காதீர்கள். யானை நன்றாக நீந்தும். 2017 ஜூலையில் திருமலைக்கு வெளியே கடலுக்குள் இழுபட்டுப்போன இரண்டு யானைகளைக் கடற்படை கயிறு போட்டுக் கரைசேர்த்தது நினைவிருக்கும். நீந்தும் வேகம் தனியாக எழுதப்படாததால் நீரில் பாதி வேகம், அவ்வளவே.

ஓநாய் விஷயத்தில் உங்கள் ரேஞ்சர் சொல்வது நியாயம். 2014 பீஸ்ட் மாஸ்டர் (மிருகத் துணையுள்ள ரேஞ்சர்) விதியில் ஓநாயைக் கடிக்கச் சொல்ல ரேஞ்சரின் அக்‌ஷனே போகிறது. நாலாம் லெவலில் கடித்தால் அவர் எய்ய முடியாது. ஓநாய்க்கு எச்.பி. 16, ஏ.சி. 15, கடிக்கு +6, சேதம் 2டி4+4. கெட்ட எண்கள் இல்லை, ஆனால் ஆள் சும்மா நிற்கிறார். இதை நீங்கள் ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய வேண்டாம். 2020இல் வந்த கூடுதல் விதிநூலில் ப்ரைமல் கம்பேனியன் என்று மாற்று உண்டு, அதில் போனஸ் அக்‌ஷனால் ஏவலாம். நிலத்து மிருக வடிவத்துக்கு நாலாம் லெவலில் ஏ.சி. 15, எச்.பி. 25, இருபது அடி நேரே ஓடி அடித்தால் 1டி6 கூடுதல் சேதமும், எதிரியை விழுத்தும் வாய்ப்பும். விழுந்த மிருகத்தை ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு ஸ்பெல் ஸ்லொட் (ஸ்பெல் போடும் வாய்ப்பு) செலவழித்து எழுப்பலாம். ஓநாயின் பெயரும் குணமும் மாறத் தேவையில்லை, எண்களை மட்டும் மாற்றுங்கள். ஒன்று சொல்லிவையுங்கள்: ஹன்டர்ஸ் மார்க் என்ற, இரையைக் குறிக்கும் ஸ்பெல்லும் போனஸ் அக்‌ஷன். முதல் சுற்றில் குறி, இரண்டாவதிலிருந்து ஓநாய் என்று பழகினால் தடுமாற்றம் இருக்காது.

எழுப்ப முடியாத மிருகங்கள், அதாவது 25 பொற்காசுக்கு வாங்கிய நாய், பெயர் வைத்த கோவேறு கழுதை போன்றவை, 0 எச்.பி.யில் உடனே சாகுமா? சாதாரண வழக்கம் அதுதான். முக்கியமான பாத்திரங்களுக்கு டெத் சேவ் (சாகாமல் தப்ப உருட்டும் வாய்ப்பு) கொடுக்க டி.எம்.முக்கு இடமுண்டு என்றும் நூலில் இருக்கிறது. பெயர் வைத்த மிருகத்துக்கு டெத் சேவ், பெயரில்லாததற்கு இல்லை என்று பிரித்தால் ஒருவரும் வாதாட வரமாட்டார்கள். நாய் சாவதைச் சிலர் விளையாட்டிலும் தாங்கமாட்டார்கள், அதை முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக நேரம். நான்கு பேரோடு மூன்று மிருகமும் சேர்ந்து ஏழு முறை ஓடுவதால்தான் இரண்டு மணித்தியாலம். மிருகத்தின் தாக்குதலுக்குச் சேதம் உருட்ட வேண்டாம், சராசரியை எடுங்கள். 2014 எண்களில் ஓநாய் கடித்தால் 9, முடிந்தது. மிருகம் என்ன செய்யும் என்பதைச் சொந்தக்காரர் தன் முறை வருமுன் ஒரு வசனத்தில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது டொட்ஜ். ஆந்தையின் இனிஷியேட்டிவைச் சண்டைக்குச் சண்டை உருட்டாமல், விசார்டுக்குச் சரியாக முன்னால் என்று நிரந்தரமாக வைக்கலாம். விதிமீறல்தான், ஆனால் இழப்பு சொற்பம். ஒருவருக்கு ஒரு மிருகம்தான் சண்டைத் தாளில். மற்றவை வண்டியடியில் நிற்கட்டும். எண்களை விசிட்டிங் கார்ட் அளவு அட்டையில் எழுதி, மிருகத்தின் டி20 (இருபதுமுக டைஸ்) வேறு நிறமாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே உருட்டலாம். மினியேச்சர் வாங்கத் தேவையில்லை, கரம் (கேரம் போர்ட்) காய் போதும். ஆனால் காய் ஓர் அங்குலத்தைவிடச் சற்றுப் பெரிது, ஓர் அங்குலக் கட்டத்தில் இடிபடும். ஒன்றரை அங்குலக் கட்டமாகக் கோடு போடுங்கள். குதிரைக்கு மூன்று அங்குலச் சதுர அட்டை, யானைக்கு நாலரை. பாலடினின் காயை அட்டைக்கு மேலே வைத்தால் ஏறியிருக்கிறார், பக்கத்தில் வைத்தால் இறங்கிவிட்டார்.